எல்லாப் புள்ளியும் மூச்சில்

கம்பியூட்டர் விளையாட்டுக்குள் இருந்த அந்த மனிதனை என் தம்பி ஐந்து விதமாகச் செய்து வைத்திருந்தான். ஒருவன் திருடன். ஒருவன் வில்லுக்காரன். ஒருவன் வெறுங்கையில் நெருப்பை வரவழைப்பவன். ஒருவன் எருமை மாதிரிப் பலசாலி. ஐந்தாமவனிடம் ஒன்றும் கிடையாது, வாய் மட்டும்தான். ஐந்து பேரும் ஒரே கிழிந்த சட்டையோடு ஒரே சிறைக்கூடத்திலிருந்து புறப்பட்டவர்கள். போகப் போக ஒருவனுக்கொருவன் சம்பந்தமில்லாத ஆட்களாகிவிட்டார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழ் எழுத்தையே கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன், இங்கிலீசு எழுத்து எனக்குக் கொடியில் காயும் துணி மாதிரி. ஆனாலும் பார்க்கப் பார்க்க விளங்கியது. அந்த மனிதன் ஒரு ஓநாயைக் கொன்றால், யாருக்காவது ஒரு சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஒரு படி உயருவான். உயர்ந்ததும் திரையில் ஒரு மரம் வரும். கிளைக்குக் கிளை சின்னச் சின்னப் படங்கள்: கத்தி, செருப்பு, கண், நாக்கு. ஒரு படிக்கு ஒரு புள்ளிதான் தருவார்கள். எந்தப் படத்தில் வைக்கிறோமோ அந்தக் கெட்டித்தனம் அவனுக்கு வரும். வைக்காத கிளை மூடியே கிடக்கும். தம்பி அதற்கு வேறு பெயர் சொல்லுவான், என் வாயில் அது நுழையவில்லை. நான் கெட்டித்தனம் என்றே சொல்லிவந்தேன்.

கொஞ்சத் தூரத்தில் ஒரு மதில் கட்டின பட்டணம். வாசலில் காவல்காரர். திருடன் மதிலேறிக் குதித்தான். பலசாலி கதவை உடைத்தான். நெருப்புக்காரன் பக்கத்து வைக்கோற்போரைக் கொளுத்திவிட்டு, எல்லோரும் அணைக்க ஓடும்போது உள்ளே போனான். வில்லுக்காரன் தூரத்திலிருந்தே காவலைத் தீர்த்தான். வாய்க்காரன் காவல்காரனைச் சிரிக்க வைத்தான், அவனே கதவைத் திறந்துவிட்டான். வாசல் ஒன்று, வழி ஐந்து. அடுப்பில் சோறு கொதிக்க விட்டுவிட்டு நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நாங்கள் அப்போது கற்பிட்டிப் பக்கம், குறிஞ்சிப்பிட்டிக்குக் கிட்ட, வேறொருவருடைய தென்னங்காணியில் கிடுகு வேய்ந்த வீட்டில் இருந்தோம். மன்னார்க் கரையிலிருந்து வந்தவர்கள். முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கத்துக்காரர் போகச் சொன்னார்கள், வந்தோம். வந்து வருடக்கணக்காகியும் எங்களுக்கு அகதி என்றுதான் பெயர். கொஞ்ச நாள் ஓய்ந்திருந்த சண்டை மறுபடி பிடித்திருந்தது. தம்பி கட்டாருக்குப் போய், அங்கே சாரதியாகவும் சமையல்காரனாகவும் இருந்து, திரும்பி வரும்போது அந்தக் கம்பியூட்டரைக் கொண்டுவந்தான். எங்கள் வீட்டுச் சுவரோடு ஒரு பத்தி இறக்கி, ரேடியோவும் போனும் திருத்துகிற கடை போட்டான். அவனுக்கு எந்தக் கிளையில் புள்ளி வைத்தாலும் பிடிக்கும். அப்படிப் பிறவி.

என் வீட்டுக்காரர் அப்படியல்ல. அவர் சங்கு குளித்தவர். சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறவர் அல்ல. இடுப்பில் பை, காலில் கல், நெஞ்சில் மூச்சு. ஊரில் அவரை மேலே தூக்குகிற கயிற்றைப் பிடித்தவன் இந்தத் தம்பிதான். மனைவியின் கூடப்பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கரையின் வழக்கம். கூடப்பிறந்தவள் விதவையாகி, வெள்ளை உடுத்து இத்தா இருப்பதை எவன் விரும்புவான்? அதனால் அந்தக் கை தளராது. மீசை முளைக்கும் முன்பே இவன் அந்தக் கயிற்றைப் பிடித்தான். ஒருநாளும் தளர்ந்ததில்லை.

இங்கே வந்த பிறகு கயிறும் இல்லை, கல்லும் இல்லை. தண்ணீருக்கு அடியில் போகிறவன் எவனாக இருந்தாலும் சந்தேகம் என்றாகிவிட்ட காலம். வலை வீசுகிறவனுக்குக் கடலுக்குப் போகப் பாஸ் கிடைத்தது. குளிக்கிறவனுக்கு இல்லை. வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். இரண்டாம் கிழமை தோட்டக்காரர் வந்து என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, கோவிக்கப்படாது. மனிசன் தண்ணியப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. பாத்தி நிரம்பி வழியிறது கூடத் தெரியல்ல." உப்பளத்துக்குப் போனார். காலெல்லாம் புண்ணாகி, நடக்க முடியாமல் கிடந்தார். எங்களுக்குத் தொழில் பழக்கவென்றும் ஆட்கள் வந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் மெழுகுதிரி. பக்கத்துக் குடியிருப்புக்கும் மெழுகுதிரி. கரைத்தீவில் இருந்த என் மாமி மகளும் மெழுகுதிரிதான் பழகினாள். எல்லோரும் ஊற்றினோம். யார் வாங்குவது? கரண்ட் போகிற நேரம் நாங்களே கொளுத்திக்கொண்டோம்.

தம்பி சாமான் வாங்கப் பட்டணம் போகிற நாட்களில் கடைக்குக் காவல் இவர்தான். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒருநாள் தம்பி பகிடியாக இவருக்கென்று புதிதாக ஓர் ஆளைத் தொடங்கினான்.

"மச்சான், முதல்ல எங்க பிறந்தவன் எண்டு கேக்குது. பாருங்க, இது காடு. இது பாலைவனம். இது வடக்கு, பனிக்கட்டி."

"வடக்கு," என்றார் இவர், யோசிக்காமலே.

"யோசிச்சுச் சொல்லுங்க. வடக்கான் குளிர் தாங்குவான், வேற பெருசா ஒண்டும் இல்ல. கெட்டித்தனம் பிழைச்சாலும் ஒரு கிழவி இரிக்கிறா, அவட்டக் காசு குடுத்துப் புள்ளியத் திருப்பி எடுக்கலாம். பிறந்த இடம் மட்டும் கடைசி வரைக்கும் மாத்த ஏலாது."

"வடக்கில பிறந்தவன வடக்கு எண்டுதானே சொல்லோணும்?"

தம்பி சிரித்துக்கொண்டு அழுத்திவிட்டான்.

முதல் படி உயர்ந்து மரம் வந்தது. இவருக்கும் எழுத்துத் தெரியாது. முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒவ்வொரு கிளையாகப் பார்த்தார். ஒரு மூலையில், ஒருவரும் தொடாத கிளையில், வாயிலிருந்து குமிழி விடுகிற ஒரு முகம் இருந்தது. அங்கே வைத்தார். அடுத்த படிக்கும் அங்கேயே. மூன்றாவதற்கும்.

தம்பி தலையில் கை வைத்தான். "மச்சான், இது என்ன வேல? இவன்ட உலகத்துலயே தண்ணி எண்டா அந்த மதிலுக்குப் பக்கத்துல ஒரு குளம்தான். அதுவும் அழகுக்கு வெச்சிரிக்கிறான்."

"குளம் இரிக்குதானே?"

"ஓநா வந்தா என்ன செய்வீங்க? மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிப்பீங்களா?"

"தண்ணிக்க இறங்குவன். ஓநா வராது."

நான் வாசலில் நின்று சொன்னேன்: "அந்த நாக்குப் படத்துல ஒரு புள்ளி வைங்க. வாயில்லாத மனிசன் எங்க போனாலும் வெளியிலதான் நிக்கோணும்."

"அதுக்குத்தானே நீ இரிக்கிற," என்றார்.

அது உண்மைதான். சோதனைச் சாவடியில் பேசுவது நான். அவருக்கு ஒரு சொல் சிங்களம் வராது. எனக்கு முட்டை விற்று, கிடுகு விற்றுப் பழகிய சிங்களம் நன்றாகவே வந்தது. நான் பேசிக் கடக்காத இடம் அதுவரை இல்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும் உண்டு.

அந்த ஆள் ஓநாய்க்குப் பயந்து, நாய்க்குப் பயந்து, எல்லாவற்றிலிருந்தும் ஓடி ஓடி அந்தக் குளத்துக்குத்தான் போவான். தண்ணீருக்குள் போனதும் திரையின் மேல்பக்கம் ஒரு நீலக் கோடு வரும். அதுதான் அவனுடைய மூச்சு. தேய்ந்து தேய்ந்து முடிந்தால் ஆள் முடிந்தான். இவர் அந்தக் கோட்டைப் பார்ப்பதே இல்லை. அவன் முங்கும்போது இவரும் மூச்சைப் பிடிப்பார். கன்னம் உப்பாது, கண் அசையாது, வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. முதல் புள்ளியோடு அவனுடைய கோடு சீக்கிரம் தீர்ந்துவிட்டது, இவர் நெஞ்சில் இன்னும் நிறையக் கிடந்தது. "பச்சப் புள்ள," என்று திட்டுவார். மூன்றாவது புள்ளி வைத்த பிறகுதான் இருவரும் சரிக்குச் சரியானார்கள். அன்றைக்கு இவர் முகத்தில் நான் கண்டது, ஊரை விட்டு வந்த பிறகு காணாதது.

ஒரு பகல், தம்பி யாருடையதோ ரேடியோவைப் பிரித்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தான். இவர் குளத்தின் அடியில் நின்றார்.

"இஞ்ச மீன் வந்து போகுது," என்றார்.

"அது சும்மா படம் மச்சான்."

"போற மீன் அந்தப் பாசிக்குப் பின்னால போய்க் காணாமப் போகுது. வேற மீன் வருது. அப்ப அங்காலயும் தண்ணி இரிக்கி."

பாசியை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். திரை கறுத்துப்போனது. நீலக் கோடு மட்டும் தேய்ந்தது. நானும் மூச்சை விடவில்லை. கோடு நூல் மாதிரி ஆனபோது மேலே வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. அவன் தலையை வெளியே நீட்டினான். கிணறு. மதிலுக்கு உள்ளே, பட்டணத்தின் நடுவில் ஒரு கிணறு. பெண்கள் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி சூட்டுக்கோலோடு எழும்பி நின்றான். "யா அல்லாஹ்! மச்சான், அஞ்சு பேரச் செஞ்சும் எனக்கு இந்த வழி தெரியாது. ராத்தா, பாத்தீங்களா உங்கட மாப்பிள்ளய?"

"இவனச் செஞ்சவன் மூச்சுக்காரனையும் யோசிச்சுத்தான் வெச்சிரிக்கான்," என்றார் இவர். தேநீர் கேட்டார். சீனி போடச் சொன்னார்.

எப்படிப்பட்டவனுக்கும் எங்கேயோ ஒரு வாசல் வைத்திருக்கிறது என்று நானும் நம்பினேன். நம்புவதற்கு ஏற்ற மாதிரி அந்த நாட்களில்தான் ஒரு கதையும் வந்தது. உச்சமுனைக்கு அங்கால் கடலடியில் சங்கு கிடக்கிற பாரில் குளிக்கக் கொஞ்சப் பேருக்குப் பாஸ் கொடுக்கப் போகிறார்களாம். இந்தப் புத்தளம் மாவட்டத்தில் பதிந்தவர்களுக்குத்தானாம். கற்பிட்டிச் சம்மாட்டி ஒருவர், பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், இவரைக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். பாஸ் இருந்தால் வள்ளத்தில் இடம் உண்டு.

எங்கள் பதிவு மன்னாரில் இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தோம். இங்கே மாற்றினால் அகதி அரிசி நின்றுபோகும். அது போகட்டும். ஊர்க்காணியில் உனக்கென்ன உரிமை, நீதான் புத்தளத்தான் ஆகிவிட்டாயே என்று நாளைக்குக் கேட்பார்கள். பதிவை மாற்றியவர்களைப் பற்றி எங்களுக்குள் சாவு விழுந்த மையித்து வீட்டுக் குரலில்தான் பேசிக்கொள்வோம்.

தம்பி சொன்னான்: "மாத்துங்க மச்சான். நான் எப்பயோ மாத்திட்டன். எனக்கு என்ன, கொம்பு முளைச்சிட்டா?"

இவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு புள்ள."

ஊரில் எங்களுக்குக் கல்வீடு. என் வாப்பா கட்டித் தந்தது. கதவு மட்டும் ஓர் ஆள் தூக்க முடியாத பாலை மரம். அந்தக் கதவை நினைத்தேன். பிறகு சொன்னேன்: "கடல் இல்லாம நீங்க செத்த மாதிரி இரிக்கிறீங்க. மாத்துங்க."

கிராமத்து விதானையிடம் போய் மாற்றினோம். அரிசி அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அடையாள அட்டையும் புதிதாக எடுத்தோம். அது வந்து சேரும் வரைக்கும் இவர் விடிய எழும்பி, வெறுந்தேநீர் குடித்து, முற்றத்தில் உட்கார்ந்து மூச்சுப் பழகினார். சம்மாட்டி வீட்டிலிருந்து கயிறு ஒன்று வந்தது. தம்பி அதைக் கையில் சுற்றி இழுத்துப் பார்த்தான். "கைக்கு மறக்கல்ல ராத்தா," என்றான். ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வள்ளத்தில் வருவதாகச் சொன்னான்.

பாஸ் கொடுக்கிற இடத்துக்கு இவரும் நானும் போனோம். தகரக் கொட்டில், உள்ளே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் இளம் வயது ஆள், மரியாதையானவர். அட்டையை வாங்கி விலாசத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு அட்டையில் இன்னோர் இடத்தில் விரலை வைத்தார்.

"பிறந்த இடம் வடக்கு," என்றார் சிங்களத்தில். "உம்மா, குளிக்கிற வேலைக்கு அங்க பிறந்த ஆக்களுக்குப் பாஸ் இல்ல."

"மாத்தயா, விலாசம் இஞ்சதானே? விதானை எழுதித் தந்திரிக்கிறார்."

"விலாசம் சரி. அது மாத்தலாம். இது மாத்த ஏலாதே."

நான் பேசினேன். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் அந்த மேசையில் கொட்டினேன். நாங்களே அங்கிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள், விரட்டியவனுக்கா நாங்கள் உதவி செய்யப்போகிறோம் என்று கேட்டேன். சம்மாட்டியின் பெயரைச் சொன்னேன். கடைசியில், "இவர் பிறக்குற நேரம் என்னயக் கேட்டிருந்தா, கொஞ்சம் தெற்கால தள்ளிப் பிறங்க எண்டு சொல்லியிரிப்பன் மாத்தயா," என்றேன்.

அவர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் சொல்லிக் காட்டினார், அவரும் சிரித்தார். தம்பியின் விளையாட்டில் காவல்காரன் சிரித்தால் கதவு திறக்கும். இவர்கள் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அட்டையை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள்.

"நீங்க சொல்றது எல்லாம் சரி உம்மா," என்றார் அவர். "நான் என்ன செய்ய?"

பஸ்ஸில் திரும்பும்போது களப்புத் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. இவர் சன்னலோரம் இருந்தும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பாதிவழியில் சொன்னார்: "விளையாட்டுல முதல்லயே கேட்டுட்டான். இஞ்ச எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுக் கடைசில கேக்கிறான்."

என் வாய் அன்றைக்கு மேசையிலேயே காலியாகிவிட்டிருந்தது.

பதிவைத் திருப்பி மாற்றலாமா என்று விதானையிடம் கேட்டேன். வடக்கில் எழுதிக்கொள்ள அங்கே இப்போது பதிவுக் கந்தோர் இல்லை என்றார். அரிசி அட்டையும் திரும்பவில்லை. சம்மாட்டி கயிற்றைக் கேட்டு ஆள் அனுப்பினார், கொடுத்துவிட்டோம். இறால் வளர்க்கிற தொட்டிகளுக்குக் காவல்காரன் தேவை என்று அவரே பார்த்து ஒரு வேலை தந்தார். தண்ணீர்க்கரையில் வேலை, உங்களுக்குப் பொருந்தும் என்றார். நல்ல மனிதர்தான். தொட்டிக்குள் யாரும் இறங்கக்கூடாது, இறங்கினால் இறாலுக்கு நோய் வரும். யாரும் இறங்காமல் பார்ப்பதுதான் இவருக்கு வேலை.

விளையாட்டை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் மூச்சுக்காரன் பட்டணத்துக்குள் போயும் ஒன்றும் ஆகவில்லை. அங்கே எவனோடும் பேச அவனுக்கு வாயில்லை, அடிக்கப் பலமில்லை, ஒளிய நடை தெரியாது. தெருநாய் குரைத்தால் கிணற்றுக்குள் குதிப்பான். பிறகு இவர் அவனைப் பட்டணத்துக்குக் கொண்டுபோவதையும் நிறுத்திவிட்டார். குளத்தில் முங்குவான், ஏறுவான், முங்குவான். தம்பி கிழவியைக் காட்டினான். "புள்ளியத் திருப்பி எடுங்க மச்சான், வில்லுல வைப்பம்." இவர் வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். தொட்டிக்கரையில் ஈரக் காற்றில் கிடந்து கிடந்து அந்த மழைக்காலம் முழுக்க இருமினார்.

கடையில் வேலை குறைந்தது. தம்பி மறுபடி கட்டாருக்குப் போக ஆயத்தமானான். கம்பியூட்டரை ஒருவருக்குக் கொடுக்கப் பேசிவிட்டான். கொடுக்குமுன் தன்னுடைய ஐந்து பேரையும் ஒவ்வொருவராக அழித்தான், ஒருத்தனுக்கும் வருத்தப்படவில்லை. ஆறாமவனிடம் வந்ததும் நிறுத்திவிட்டு இவரைக் கூப்பிட்டான். பின்னேரம், இவர் வேலைக்குப் போக உடுத்திக்கொண்டிருந்தார்.

"மச்சான், உங்கட ஆள அழிக்கவா?"

இவர் வந்து கதிரையில் இருந்தார். "கொஞ்சம் பொறு. கரைல நிண்டு போகக்கூடாது."

அவனைக் கரையிலிருந்து இறக்கினார். அவன் முங்கினான், வழக்கம் போல இவரும் மூச்சைப் பிடித்தார். தம்பி பின்னால் நின்றான். கட்டாருக்குப் போக வாங்கின புதுப் பையின் வார் அவன் கையில் இருந்தது, அதை முறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான். நான் வாசலில். அவன் முகம் குளத்தின் அடியைத் தொட்டது. மீன்கள் வந்து போயின. நான் நீலக் கோட்டைப் பார்த்தேன்.

கோடு பாதியில் இருக்கும்போதே இவருக்கு இருமல் வந்துவிட்டது.

குனிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். திரைக்குள் அவன் அப்படியே அடியில் நின்றுகொண்டிருந்தான், இன்னும் பாதி மூச்சோடு. நாங்கள் மூன்று பேரும் அதைக் கண்டோம்.

"அழி," என்றார்.

"மச்சான், கயிறு பிடிச்ச கை இது. என்னால ஏலாது."

"விடு எண்டு கீழ இரிக்கிறவன் இழுத்தா விடத்தானே வேணும்? அழி."

தம்பி அழுத்தினான். குளம் போனது. அந்த இடத்தில் புது ஆளுக்கான கேள்வி வந்து நின்றது: காடா, பாலைவனமா, வடக்கா? தம்பி வயரைப் பிடுங்கினான்.

இவர் மப்ளரைக் கழுத்தில் சுற்றி, டோர்ச்சை எடுத்துக்கொண்டு, இருமிக்கொண்டே தொட்டிக்குப் போனார். அங்கே எந்தத் தொட்டியிலும் இடுப்புக்கு மேலே தண்ணீர் கிடையாது.